எல்லோரும் ஒரே ஆப்பில் போய்ச் சேர்வது ஏன்? வலைப்பின்னல் விளைவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலைக் கல்லூரி ஒன்றில் பொருளியல் நடத்துகிறேன். 'போட்டி' என்ற பாடம் வந்தால் முன்பெல்லாம் மாணவர்கள் சோப்புக் கம்பெனிகளைப் பற்றிக் கேட்பார்கள். இப்போது வாட்ஸ்அப், ஜிபே, ஸ்விக்கி பற்றித்தான் கேட்கிறார்கள். வகுப்புக்கு வெளியிலும் அதே கேள்விகள் வருகின்றன. மருந்துக் கடை வைத்திருக்கும் மைத்துனர், தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவர்கள், கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் என்று பலரும் கேட்டுவிட்டார்கள். அதனால் பதில்களை எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

நெட்வொர்க் எஃபெக்ட்னு சொல்றாங்களே, அது என்ன?

ஒரு பொருளை மற்றவர்களும் பயன்படுத்துகிறார்கள் என்பதாலேயே அது உங்களுக்கு அதிகம் பயன்படுமானால், அதுதான் வலைப்பின்னல் விளைவு. பக்கத்து வீட்டுக்காரரும் உங்களைப் போலவே மிக்ஸி வாங்கினார் என்பதற்காக உங்கள் சட்னி நன்றாக அரைபடப் போவதில்லை. ஆனால் உங்கள் அக்காவும் மாமாவும் வாட்ஸ்அப்பில் சேர்ந்த அன்று, உங்கள் போனில் இருக்கும் வாட்ஸ்அப்பின் மதிப்பு கூடிவிடுகிறது. கம்பெனி அதில் ஒரு மாற்றமும் செய்யவில்லை. செய்தது அக்காவும் மாமாவும்.

இந்தப் பக்கம் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போவது இதைத்தான்: அந்த மதிப்பை உண்டாக்குவது பயன்படுத்தும் மக்கள். அந்த மதிப்பு யார் கைக்குப் போகிறது என்பது வேறு கேள்வி. இணைப்புக் கம்பி, அதாவது ஆட்களை ஒருவரோடு ஒருவர் இணைக்கும் வழி, யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதற்குப் பதில் கிடைக்கும்.

பெரிய கம்பெனி மலிவாகத் தரும், அதனால் எல்லோரும் அங்கே போவார்கள். இது தெரிந்த கதைதானே சார்?

அது அளவுச் சிக்கனம். பத்தாயிரம் டன் சிமெண்ட் தயாரிப்பவருக்கு ஒரு மூட்டைக்கு ஆகும் செலவு குறைவு. அங்கே லாபம் தயாரிப்புப் பக்கத்தில் வருகிறது. வலைப்பின்னல் விளைவில் லாபம் பயன்படுத்துபவர் பக்கத்தில் வருகிறது. சிமெண்ட் வாங்குபவருக்கு வேறு யார் வாங்குகிறார்கள் என்ற கவலை இல்லை. செயலியில் சேர்பவருக்கு அந்தக் கவலைதான் முதல் கவலை.

இந்த வித்தியாசத்தால் போட்டியின் தன்மையே மாறிவிடுகிறது. சிமெண்டில் உங்களைவிட நல்ல சரக்கைக் கொஞ்சம் மலிவாக ஒருவர் தந்தால் வாடிக்கையாளர் ஒவ்வொருவராக அங்கே நகர்வார்கள். செய்திச் செயலியில் உங்களுடையதைவிட நல்லதை ஒருவர் இலவசமாகவே தந்தாலும், தனியாக நகர்பவருக்கு அங்கே பேச ஆள் இருக்காது. நகர்ந்தால் எல்லோரும் சேர்ந்து நகர வேண்டும்.

பத்துப் பேர் நூறு பேரானால் மதிப்பும் பத்து மடங்குதானே கூடும்?

இணைப்புகளை எண்ணிப் பாருங்கள். பத்துப் பேருக்குள் இருவர் இருவராகச் சேர்த்தால் 45 ஜோடி வரும். நூறு பேருக்குள் 4,950 ஜோடி. ஆட்கள் பத்து மடங்கு, இணைப்புகள் 110 மடங்கு. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் மெட்காஃப் பெயரால் இதை மெட்காஃப் விதி என்கிறார்கள்.

ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நம்பி முதலீடு செய்தவர்கள் பணத்தை இழந்திருக்கிறார்கள். நாட்டில் 50 கோடிப் பேர் ஒரு செயலியில் இருக்கலாம். நீங்கள் பேசுவது முப்பது, நாற்பது பேரிடம்தான். மிச்சம் இருப்பவர்களோடான இணைப்புக்கு உங்களைப் பொறுத்தவரை மதிப்பே இல்லை. உங்கள் குடும்பம், உங்கள் அலுவலகம், பிள்ளையின் பள்ளிக்கூடக் குழு, இவை எங்கே இருக்கின்றன என்பதுதான் உங்களைக் கட்டிப்போடுகிறது.

வாட்ஸ்அப் சரி. ஓலா, ஊபரில் பயணியும் பயணியும் பேசிக்கொள்வதில்லையே, அங்கே எப்படி?

அது இருபக்கச் சந்தை. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு வாங்க வருபவருக்கு இன்னொரு வாங்குபவர் வருவதால் லாபம் இல்லை, நஷ்டம்தான், விலை ஏறும். ஆனாலும் வாங்குபவர்கள் நிறையப் பேர் வருவதால்தான் விற்பவர்கள் நிறையப் பேர் மாட்டை ஓட்டி வருகிறார்கள். அவர்கள் வருவதால்தான் இவர்கள் வருகிறார்கள். வண்டிச் செயலியிலும் இதே சுற்றுதான். பயணி அதிகமானால் ஓட்டுநர் காத்திருக்கும் நேரம் குறையும், ஓட்டுநர் அதிகமானால் பயணி காத்திருக்கும் நேரம் குறையும்.

2014-இல் பொருளியல் நோபல் பெற்ற ழான் டிரோல் இந்த வகைச் சந்தைகளை விரிவாக ஆராய்ந்தவர். அவரும் ழான் ஷார்ல் ரோஷேயும் காட்டியதில் முக்கியமானது இது: இங்கே மொத்தம் எவ்வளவு வசூலிக்கிறோம் என்பதைவிட, எந்தப் பக்கத்தில் எவ்வளவு வசூலிக்கிறோம் என்பது பெரிய விஷயம். விலை ஏறினால் எந்தப் பக்கம் எளிதில் ஓடிவிடுமோ அந்தப் பக்கத்துக்கு இலவசம், எந்தப் பக்கம் ஓட முடியாதோ அங்கே வசூல். தேடுபவருக்கு இலவசம், விளம்பரதாரருக்குக் கட்டணம். சாப்பிடுபவருக்குத் தள்ளுபடி, உணவகத்துக்குக் கமிஷன். 'இலவசமாகத்தானே தருகிறார்கள்' என்று ஒருவர் சொன்னால், மறுபக்கத்தில் யார் கட்டுகிறார்கள் என்று உடனே கேளுங்கள்.

அப்போ வருஷக்கணக்கில் கேஷ்பேக் கொடுத்து நஷ்டப்படுவது இதற்காகத்தானா?

ஆமாம். ஒரு அளவுக்குக் கீழே எந்தத் தளமும் தானாகத் தேயும். ஆள் இல்லாததால் ஆள் வராது. அந்த அளவைத் தாண்டிவிட்டால் தானாக வளரும். கேஷ்பேக், முதல் சவாரி இலவசம், ஓட்டுநருக்கு ஊக்கத்தொகை எல்லாமே அந்த மேட்டை ஏறிக் கடப்பதற்கான செலவு. மேட்டைத் தாண்டிய பிறகு ஓட்டுநரின் ஊக்கத்தொகை குறைந்து கமிஷன் ஏறுவதை நம் ஊர் டாக்ஸி ஓட்டுநர்கள் எல்லோரும் அனுபவித்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் முதலில் வந்தவன்தான் ஜெயிப்பான்?

இல்லை. ஆர்க்குட் என்ற சமூக வலைத்தளம் பேஸ்புக்குக்கு முன்பே இந்தியாவில் பரவியது. 2004-இல் கூகுள் தொடங்கிய அந்தத் தளத்துக்குப் பிரேசிலும் இந்தியாவும்தான் பெரிய வீடுகள். அங்கே நண்பர் பக்கத்தில் 'ஸ்க்ராப்' என்ற குறிப்பு எழுதாத கல்லூரி மாணவர் அப்போது அரிது. 2010 வாக்கில் இந்தியாவில் பேஸ்புக் அதை முந்தியது, 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்க்குட் மூடப்பட்டது.

வலைப்பின்னல் கட்டிப்போடும், உண்மைதான். ஆனால் அவிழும்போதும் அதே வேகத்தில் அவிழும். அக்கா வந்ததால் நீங்கள் வந்தீர்கள் என்றால், அக்கா போனதும் நீங்கள் இருக்கக் காரணம் பாதியாகிவிடுகிறது.

அதேபோல வாட்ஸ்அப்பும் போய்விடும் என்று சொல்லலாமா? அரட்டை வந்தபோது அப்படித்தானே பேசினார்கள்.

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்ததும் லட்சக்கணக்கானோர் சிக்னல் என்ற இன்னொரு செய்திச் செயலியை இறக்கினார்கள். 2025 செப்டம்பர் இறுதியில் ஸோஹோ கம்பெனியின் செய்திச் செயலியான அரட்டைக்கு அதே அலை வந்தது. புதிதாகச் சேர்வோர் எண்ணிக்கை ஒரு நாளைக்கு 3,000-லிருந்து மூன்றே நாளில் 3,50,000 ஆனதாக ஸோஹோ நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அப்போது சொன்னார். தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு செயலி பதிவிறக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்ததைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன், இறக்கியும் வைத்தேன்.

ஆனால் இறக்குவதும் நகர்வதும் ஒன்றல்ல. அரட்டையை இறக்கியவர்கள் வாட்ஸ்அப்பை நீக்கவில்லை. அபார்ட்மெண்ட் குழு, கேஸ் சிலிண்டர் பதிவு, பிள்ளையின் வகுப்பாசிரியை, எல்லாம் அங்கேயே இருந்தன. ஆர்க்குட் காலத்தில் இணையத்தில் இருந்தவர்கள் சில கோடிப் பேர், பெரும்பாலும் இளைஞர்கள். புதிதாக வந்த கூட்டம் நேராகப் பேஸ்புக்குக்குப் போனது. இன்று அப்படிப் புதிதாக வரக் கூட்டம் அதிகம் மிச்சம் இல்லை, பாட்டிகூட வாட்ஸ்அப்பில் இருக்கிறார். அதனால் இந்தப் பூட்டு ஆர்க்குட்டின் பூட்டைவிடப் பல மடங்கு கெட்டி.

அந்த நேரத்தில் வேம்பு சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இந்தச் செய்திச் செயலிகள் மின்னஞ்சல் போல, யுபிஐ போல ஒன்றோடொன்று பேச வேண்டும், இன்றைய வாட்ஸ்அப் போல மூடியிருக்கக் கூடாது என்றார். அதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

ஏர்டெல்காரர் ஜியோகாரரிடம் பேச முடிகிறதே. போன் கம்பெனிகளுக்கு மட்டும் ஏன் இந்தப் பூட்டு இல்லை?

இருந்தது. உடைக்கப்பட்டது. இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், மற்ற எல்லாப் பதிலுக்கும் இதுதான் அடிப்படை.

அமெரிக்காவில் 1890-களில் பெல்லின் காப்புரிமை முடிந்ததும் ஊருக்கு ஊர் புதிய டெலிபோன் கம்பெனிகள் முளைத்தன. 1907 வாக்கில் கிட்டத்தட்டப் பாதி டெலிபோன்கள் அவர்களுடையவை. ஆனால் பெல் அமைப்பு தன் கம்பியில் அவர்களை இணைக்க மறுத்தது. அதனால் பல ஊர்களில் கடைக்காரர்களும் டாக்டர்களும் மேசை மேல் இரண்டு டெலிபோன் வைத்திருக்க வேண்டியிருந்தது, ஆளுக்கொரு கம்பெனி. டெலிபோனின் மறுமுனையில் ஆள் இணையாவிட்டால் அதைப்போல் உபயோகமற்ற பொருள் இல்லை என்ற பொருளில் பெல் அமைப்பின் தாய்க் கம்பெனியான ஏடி அண்ட் டி-யின் தலைவர் தியடோர் வெயில் 1908 ஆண்டறிக்கையில் எழுதினார். வலைப்பின்னல் விளைவு அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அரசின் போட்டிச் சட்ட நெருக்கடி வந்த பிறகு, 1913-இல்தான் மற்றக் கம்பெனிகளைத் தன் தொலைதூரக் கம்பியில் இணைக்க அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

நம் ஊரில் இதை நாமே பார்த்திருக்கிறோம். 'ஏர்செல் டு ஏர்செல்' மலிவு என்பதற்காக நண்பர்கள் எல்லோரும் ஒரே சிம் வாங்கிய காலம் நினைவிருக்கும். அடுத்த கம்பெனி எண்ணுக்குப் போன் செய்தால் அந்தக் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய இணைப்புக் கட்டணம் 2015 வாக்கில் நிமிடத்துக்கு 14 காசு. 2017 அக்டோபரில் அது 6 காசானது, 2021 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது, பழைய கம்பெனிகள் தனக்குப் போதுமான இணைப்பு முனைகளைத் தரவில்லை என்று புகார் செய்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அக்டோபரில் மூன்று பழைய கம்பெனிகள் மேல் மொத்தம் 3,050 கோடி ரூபாய் அபராதம் பரிந்துரைத்தது. ஜியோ எத்தனை பெரிய முதலீட்டோடு வந்திருந்தாலும், மற்ற எண்களுக்கு அழைப்பு போகாவிட்டால் அந்தச் சிம்மை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது. 2018-இல் ஏர்செல் சேவை தமிழ்நாட்டில் படுத்தபோது அதன் அருமை புரிந்தது. போர்ட் குறியீடு கிடைக்காமல் கடைகளில் வரிசையில் நின்றாலும், பல லட்சம் பேர் பழைய எண்ணோடேயே வேறு கம்பெனிக்குப் போனார்கள். கம்பெனி போயிற்று, அவர்களின் வலைப்பின்னல் போகவில்லை.

யுபிஐயும் இதே மாதிரிதானா?

ஆமாம், இந்திய டிஜிட்டல் சந்தையில் நடந்த நல்ல காரியங்களில் இதை முதலாவதாக வைப்பேன். 2016-க்கு முன் டிஜிட்டல் பணம் என்றால் வாலட். ஒரு கம்பெனி வாலட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் போகாது. கடை மேசையில் இரண்டு, மூன்று ஸ்டிக்கர்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு செயலி. மேலே சொன்ன இரண்டு டெலிபோன் கதைதான்.

2016 ஏப்ரலில் என்பிசிஐ, அதாவது தேசியப் பணப்பரிமாற்றக் கழகம், யுபிஐயை அறிமுகப்படுத்தியது. எந்த வங்கியில் கணக்கு இருந்தாலும், எந்தச் செயலி வைத்திருந்தாலும், எந்தச் செயலிக்காரருக்கும் பணம் போகும். கம்பி பொது. புதிதாகத் தனிக் கம்பெனிக்கான க்யூஆர் குறியீடு போடக் கூடாது, ஏற்கெனவே இருப்பவையும் 2022 மார்ச்சுக்குள் பொதுக் குறியீட்டுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 அக்டோபரில் உத்தரவிட்டது. இன்று கீரை விற்கும் அம்மா கூடையில் ஒட்டியிருக்கும் ஒரே ஸ்டிக்கரை எந்தச் செயலியாலும் ஸ்கேன் செய்யலாம். 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் யுபிஐ பரிமாற்றங்கள் 2,000 கோடியைத் தாண்டின.

கம்பி பொது என்கிறீர்கள். அப்புறம் ஏன் எல்லோரும் 'ஜிபே பண்ணு' என்கிறார்கள்? இரண்டு ஆப்தானே எல்லாவற்றையும் வைத்திருக்கிறது?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் என் மாணவி ஒருவர். அன்று என்னிடம் முழுப் பதில் இல்லை. போன்பேயும் கூகுள் பேயும் சேர்ந்து யுபிஐ பரிமாற்றங்களில் சுமார் 80 சதவீதத்தைக் கையாள்கின்றன. வலைப்பின்னல் பூட்டு இல்லாத இடத்தில் இவ்வளவு குவிப்பு எப்படி?

பூட்டு ஒன்று மட்டும் அல்ல என்பதுதான் பதில். பழக்கம் ஒரு பூட்டு. விரல் தானாகப் போகும் ஐகானை மாற்ற யாருக்கும் அவசரம் இல்லை. ஆரம்பத்தில் கீறல் அட்டையும் கேஷ்பேக்கும் கொடுக்கப் பணம் இருந்தவர்கள் அந்தப் பழக்கத்தை விலைக்கு வாங்கினார்கள். கடைப்பக்கம் 'பணம் வந்தது' என்று சொல்லும் ஒலிப்பெட்டியைப் போட்டவர்கள் கடைக்காரரோடு உறவைப் பிடித்தார்கள். பழைய பரிமாற்றங்களின் பட்டியல், மின்கட்டண நினைவூட்டல், தானியங்கிக் கட்டணம் என்று ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய நூல்.

இன்னொரு காரணத்தை அதிகம் பேர் பேசுவதில்லை. 2020 ஜனவரி முதல் யுபிஐ பரிமாற்றத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் கிடையாது. கடைக்காரருக்கு அது பெரிய நன்மை, நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் பரிமாற்றத்தில் வருமானமே இல்லாத தொழிலில் புதிதாக யார் இறங்குவார்? கடன், காப்பீடு, விளம்பரம் என்று வேறு எதையாவது விற்கும் அளவுக்கு ஏற்கெனவே பெரிய கூட்டம் வைத்திருப்பவர்தான் தாங்குவார். கம்பி திறந்திருக்கிறது, கடை போட வாடகையும் இல்லை, ஆனால் சிறியவருக்கு அங்கே பிழைக்க வழி இல்லை.

30 சதவீதத்துக்கு மேல் யாருக்கும் கிடையாது என்று ஒரு விதி வந்ததே?

2020 நவம்பரில் என்பிசிஐ அறிவித்தது. முதலில் 2022 முடிவுக்குள், பிறகு 2024, பிறகு 2026 டிசம்பர் என்று தள்ளிப்போனது. தள்ளிப்போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 45 சதவீதம் வைத்திருப்பவர் 30-க்கு வர வேண்டுமானால், ஸ்கேன் செய்ய வரும் ஒருவரை 'உங்களுக்கு இடமில்லை' என்று திருப்பி அனுப்ப வேண்டும். டீக்கடையில் கையை நீட்டி நிற்பவரிடம் அதை யார் சொல்வது?

ஆட்களின் எண்ணிக்கையை வெட்டுவதைவிட நகர்வதை எளிதாக்குவதே சரியான வழி என்பது என் கருத்து. தானியங்கிக் கட்டணங்களையும் பழைய பட்டியலையும் எண்ணை மாற்றாமல் சிம் மாற்றுவது போல ஒரே அழுத்தில் எடுத்துப்போக முடிய வேண்டும்.

ஒரே கம்பெனி இருந்தால் என்ன தப்பு? எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பது வசதிதானே?

எல்லோரும் ஒரே வலைப்பின்னலில் இருப்பது வசதி. எல்லோரும் ஒரே கம்பெனியிடம் இருப்பது வேறு விஷயம். டெலிபோன் பதிலைத் திரும்பப் பாருங்கள்: நாம் எல்லோரும் ஒரே வலைப்பின்னலில்தான் இருக்கிறோம், பல கம்பெனிகள் வழியாக.

ஒரே கம்பெனி என்றால் விலை இலவசமாகவே இருக்கலாம், ஆனால் மற்ற விதங்களில் விலை ஏறும். விளம்பரம் கூடும், தகவல் சேகரிப்பு கூடும், விதிகள் ஒருபக்கமாக மாறும். 2021-இல் வாட்ஸ்அப் 'ஒப்புக்கொள், இல்லாவிட்டால் விலகு' என்று சொன்னது அதனால்தான். விலகினால் போக இடமில்லை என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

எங்க ஊர் கோயம்புத்தூர். இங்கே இன்னும் ரெட் டாக்ஸி ஓடுது. பெரிய கம்பெனிகளால் ஏன் ஒழிக்க முடியவில்லை?

கோவைப் பயணிக்குக் கோவை வண்டிதான் வேண்டும். சென்னையில் பத்தாயிரம் வண்டி இருப்பது அவருக்கு ஒன்றும் செய்யாது. வண்டி வலைப்பின்னல் ஊர் எல்லையோடு முடிந்துவிடுகிறது. அதனால் ஒரு ஊரைக் கெட்டியாகப் பிடித்தவர் உலகக் கம்பெனியையும் தாங்கலாம். ஊபரே 2016-இல் சீனத் தொழிலை அங்குள்ள போட்டிக் கம்பெனியான தீதிக்கும், 2018-இல் தென்கிழக்கு ஆசியத் தொழிலை அங்குள்ள கிராப்புக்கும் கொடுத்துவிட்டு வெளியேறியது.

இன்னொன்று, ஆட்டோ ஓட்டுநர் ஒரே போனில் மூன்று செயலி வைத்திருக்கிறார், எது முதலில் கூப்பிடுகிறதோ அதற்குப் போகிறார். பயணியும் இரண்டில் விலை பார்க்கிறார். இப்படிப் பல இடத்தில் ஒரே நேரத்தில் கால் வைக்க முடிகிற சந்தையில் பூட்டு தளர்ந்தே இருக்கும். பெங்களூரில் 2022-இல் ஆட்டோ ஓட்டுநர்கள் ஆதரவோடு வந்த நம்ம யாத்ரி, சவாரிக்குக் கமிஷன் என்பதை மாற்றி நாள் கட்டணம் என்ற முறையைக் கொண்டுவந்தது. பிறகு பெரிய செயலிகளும் ஆட்டோவுக்கு அதே வழிக்கு வர வேண்டியதாயிற்று. பயனுள்ள போட்டி என்று நான் சொல்வது இதைத்தான்.

கூகுள் தேடலும் நெட்வொர்க் எஃபெக்ட்தானே?

ஓரளவுக்கு. நிறையப் பேர் தேடுவதால் எந்தப் பக்கம் உதவியது என்ற தகவல் சேர்கிறது, தேடல் மேம்படுகிறது. ஆனால் அக்கா கூகுளை விட்டுப் போனால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. நாளைக்கே நீங்கள் தனியாக நகரலாம். அதனால் இது வாட்ஸ்அப் பூட்டு அல்ல.

இங்கே பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது: போனைத் திறந்ததும் முன்னிருப்பாக எது வருகிறது என்பதில். அந்த இடத்துக்காகக் கூகுள் 2021-இல் மட்டும் ஆப்பிள் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு 2,630 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க வழக்கில் வெளிவந்தது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தேடலில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவருகிறது என்று தீர்ப்பளித்தார். மக்கள் தாங்களாகவே தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால் அந்த இடத்துக்கு இத்தனை பணம் எதற்கு?

வளரும் சின்னக் கம்பெனியைப் பெரியவன் வாங்கிவிட்டால் கதை முடிந்ததா?

பெரும்பாலும். பேஸ்புக் 2012-இல் இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கும், 2014-இல் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கும் வாங்க ஒப்பந்தம் போட்டது. ஆர்க்குட்டுக்கு நடந்தது தனக்கு நடக்காமல் இருக்க, அடுத்த கூட்டம் எங்கே சேர்கிறதோ அந்த இடத்தையே வாங்கிவிடுவது ஒரு வழி. ஒருவரின் வாட்ஸ்அப் கணக்கையும் பேஸ்புக் கணக்கையும் தானாகப் பொருத்த முடியாது என்று அனுமதி கேட்டபோது சொன்னது தவறான தகவல் என்பதற்காக 2017-இல் ஐரோப்பிய ஆணையம் 11 கோடி யூரோ அபராதம் போட்டது. ஆனால் வாங்கியது ரத்தாகவில்லை.

நம் சட்டத்தில் அப்போது ஒரு ஓட்டை இருந்தது. சொத்தும் விற்றுமுதலும் பெரிதாக இருந்தால்தான் போட்டி ஆணையத்தின் அனுமதி தேவை. ஆள் நிறைய, வருமானம் கொஞ்சம் என்ற கம்பெனிகள் வலையில் சிக்காது. 2024 செப்டம்பர் 10 முதல், ஒப்பந்த மதிப்பு 2,000 கோடி ரூபாயைத் தாண்டி, இந்தியாவில் கணிசமான தொழிலும் இருந்தால் அனுமதி வாங்க வேண்டும்.

நம்ம போட்டி ஆணையம் என்னதான் செய்திருக்கிறது?

பெரிதாக இருப்பது குற்றமல்ல, பெரிய இடத்தைத் தவறாகப் பயன்படுத்துவதே குற்றம் என்பது 2002 போட்டிச் சட்டத்தின் நிலை. 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு போன்களில் தன் செயலிகளை மொத்தமாகத் திணித்ததற்காகக் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம். 2024 நவம்பரில் அந்த 2021 தனியுரிமைக் கொள்கைக்காக வாட்ஸ்அப், பேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டாவுக்கு 213.14 கோடி, கூடவே விளம்பரத்துக்காகத் தகவல் பகிர ஐந்தாண்டுத் தடை. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பரில் அபராதத்தை வைத்துக்கொண்டு தடையை நீக்கியது.

என் வருத்தம் தாமதம் பற்றியது. 2021-இல் நடந்ததற்கு 2024-இல் உத்தரவு வருகிறது. ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடக்கூடிய சந்தையில் மூன்று வருடம் என்பது முடிவே தெரிந்துவிடும் காலம். முன்கூட்டியே விதி வகுக்கும் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளியானது. அது சட்டமாக வேண்டும் என்று விரும்புபவன் நான்.

யுபிஐ மாதிரி வாட்ஸ்அப்பையும் மற்ற ஆப்களோடு பேச வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

பாதி தீரும். ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் இதைத்தான் கேட்கிறது, அங்கே வாட்ஸ்அப் மற்றச் செயலிகளுக்குக் கதவைத் திறக்கக் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் செய்தி அனுப்புவது பணம் அனுப்புவது போல எளிதல்ல. இரு முனைக்கும் நடுவே யாரும் படிக்க முடியாத மறையாக்கம் இரண்டு வேறு கம்பெனிகளுக்கு இடையிலும் உடையாமல் இருக்க வேண்டும். திறந்த கதவு வழியாகக் குப்பைச் செய்திகளும் வரும், மின்னஞ்சலில் நாம் படும் பாடு தெரியும். எல்லோரும் ஒத்துக்கொள்ளும் பொதுத் தரம் வந்துவிட்டால் புது வசதி கொண்டுவருவதும் மெதுவாகும்.

இத்தனையும் தெரிந்தே திறக்க வேண்டும் என்று சொல்கிறேன். யுபிஐ பதிலில் பார்த்தபடி, திறந்த பிறகும் இரண்டு பெரியவர்கள் மிஞ்சலாம். ஆனால் அவர்களை விட்டுப் போக நினைப்பவர் தன் குடும்பத்தைவிட்டுப் போக வேண்டியதில்லை.

நான் ஓட்டல் வைத்திருக்கிறேன். கமிஷன் கட்டுப்படியாகவில்லை, டெலிவரி ஆப்பைவிட்டு வெளியே வந்தால் ஆர்டர் இல்லை. என்ன வழி?

தனியாக வெளியே வந்தால் உங்கள் வாடிக்கையாளர் அதே திரையில் அடுத்த ஓட்டலைத் தேர்ந்தெடுப்பார். இரண்டாவது பதிலில் சொன்னதுதான், நகர்ந்தால் சேர்ந்து நகர வேண்டும். நாமக்கல் ஓட்டல் உரிமையாளர்கள் 2025 ஜூலையில் அதைச் செய்தார்கள். சங்கமாகப் பேசி, பெரிய செயலிகளுக்குச் சப்ளையை நிறுத்தி, சாரோஸ் என்ற தமிழ்நாட்டுச் செயலியின் பக்கம் திரும்பினார்கள். சின்ன ஊர், எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள், ஓட்டல்கள் மொத்தமாக வந்தால் சாப்பிடுபவர்களும் வந்தாக வேண்டும். சென்னையில் இப்படி எல்லோரையும் ஒன்று சேர்ப்பது மிகக் கடினம்.

அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். செயலி வழியாக வரும் ஆர்டரில் வாங்குபவரின் எண் பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாது, ஆனால் பொட்டலத்துக்குள் உங்கள் கடை எண் அச்சிட்ட சீட்டை வைக்க முடியும். அதற்கு முன் உங்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள், சிலவற்றில் இதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. கடைக்கு நேரில் வருபவரிடம் பெயரும் எண்ணும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டில் இருக்கும் முந்நூறு பேர் உங்கள் வாடிக்கையாளர்கள். செயலியில் இருக்கும் மூவாயிரம் பேர் செயலியின் வாடிக்கையாளர்கள்.